கூடத்துச் சுவரில் ஒரு குறிப்பலகை

அம்பு என்னும் சொல் நம் மார்க்க நூல்களில் இரு வேறு முகங்களுடன் வருகிறது. அல்-மாயிதா அத்தியாயத்தின் 90-ஆம் வசனத்தில் மதுவுடனும் சூதாட்டத்துடனும் சேர்த்து விலக்கப்பட்டிருப்பது குறிகேட்கும் அம்பு. அறியாமைக் கால அரபுகள் அதை உருவி எடுத்துத் தம் காரியங்களின் பலனைக் கேட்டார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஆர்வமூட்டியதோ, கண்ணும் கையும் ஒன்றி இலக்கை நோக்கி எய்யும் அம்பு. முன்னது தற்செயலை நம்புகிறது. பின்னது பயிற்சியை நம்புகிறது. ‘டார்ட் போர்டு’ எனப்படும் குறிப்பலகையை வீட்டில் மாட்டலாமா என்று எண்ணும் பெற்றோர் முதலில் இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்துவது நலம்.

இவ்விளையாட்டு இங்கிலாந்தின் மதுவிடுதிகளில் வளர்ந்தது என்பது உண்மையே. ஆயினும் விலக்கப்பட்டது மதுவும் பந்தயப் பணமுமே அன்றி, குறிபார்த்து எறியும் திறன் அன்று.

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது. உலகமே நம் கரைக்கு விளையாட வந்தது. ஆனால் நம் பிள்ளைகள் பலரின் விளையாட்டு கைப்பேசித் திரைக்குள் சுருங்கிவிட்டது. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே இயற்ற நேர்ந்தது. சட்டம் வாசல்வரை காக்கும். வாசலுக்கு உள்ளே காக்க வேண்டியவர் பெற்றோரே. ‘கூடாது’ என்று ஒன்றைப் பறிக்கும் கை, ‘இதோ’ என்று மற்றொன்றை நீட்டவும் வேண்டும்.

பலகையை மாட்டும் முறை எளிது. நல்ல பலகை கற்றாழையினத்து நாரை இறுக அழுத்திச் செய்யப்படுவது. குறுக்களவு ஏறத்தாழ 45 செ.மீ. அதன் நடுப்புள்ளி தரையிலிருந்து 173 செ.மீ. உயரத்தில் அமைய வேண்டும். பலகையின் முகப்பிலிருந்து 237 செ.மீ. தொலைவில் தரையில் ஒரு கோடு இடுக. எறிபவர் அதைத் தாண்டலாகாது. 20 என்னும் எண் உச்சியில் இருக்கட்டும். பலகையைச் சுற்றித் தடித்த ரப்பரோ தக்கையோ பதித்தால் சுவர் பிழைக்கும். கீழே பாய் விரித்தால் தரையும் அம்பின் முனையும் பிழைக்கும்.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கரையோர வீடுகளில் உப்புக்காற்று சாதாரண திருகாணிகளை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடிக்காத எஃகு ஆணிகளே ஏற்றவை. திண்ணையிலோ மொட்டைமாடியிலோ மாட்ட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் பட்டால் நார் உப்பிவிடும். ஈரத்துணியால் துடைப்பதும் தவறு. கதவுக்கு அருகிலும், ஆள் நடமாடும் வழியிலும், தொழுகைக்கு முன்னோக்கும் கிப்லாச் சுவரிலும் தவிர்க்க வேண்டும். தொழுகையில் கவனத்தைச் சிதறச் செய்த சித்திரத் திரையை அகற்றச் சொன்னவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள்.

பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புடன் செல்பவர், பிறர்மேல் படாதவாறு அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர்கள் கட்டளையிட்டார்கள். எறியம்புக்கும் அதுவே ஒழுங்கு. சிறு குழந்தைகளுக்குக் கூர்முனை வேண்டாம். காந்தமுனைப் பலகை போதும். ஒருவர் எறியும்போது மற்றவர் கோட்டுக்குப் பின்னே நிற்கட்டும். ஆட்டம் முடிந்ததும் அம்புகள் பெட்டிக்குள் பூட்டப்படட்டும். உயிருள்ள எதையும் இலக்காக்குவதை நபிகளார் கடுமையாகத் தடுத்துள்ளார்கள். பூனையும் காக்கையும் அந்தப் பாதுகாப்புக்கு உரியவையே.

ஆட்டத்தில் ஒருவர் முறைக்கு மூன்று அம்புகள். 501-இலிருந்து கழித்துக்கொண்டே வந்து, இரட்டிப்பு வளையத்தில் எறிந்து சரியாகச் சுழியத்தில் முடிக்க வேண்டும். சிறுவர்க்கு 101 போதும். 20-க்கு இருபுறமும் 5-உம் 1-உம் நிற்கின்றன. பேராசையோடு பெரிய எண்ணைக் குறிவைத்துக் கை தவறினால் கிடைப்பது அற்பமே. மனக்கணக்கும் நிதானமும் ஒருங்கே வளர இதைவிட எளிய பள்ளி ஏது?

பெண்மக்களை இதிலிருந்து ஒதுக்காதீர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். தெருவில் ஆட வாய்ப்பில்லாத மகளுக்குக் கூடத்துச் சுவரே மைதானம் ஆகட்டும்.

இரண்டு நிபந்தனைகள் மட்டும் தளரலாகாது. பாங்கு கேட்டதும் அம்பு கீழே இறங்க வேண்டும். ஆளுக்குப் பத்து ரூபாய் என்று ஆடுவோரே பணம் வைத்து, வென்றவர் எடுத்துக்கொள்வது நுழையவே கூடாது. அந்த நொடியில் ஆட்டம் சூதாகிவிடும்.

அஸ்லம் குலத்தார் அம்பெய்யும் போட்டி நடத்தியபோது, தாம் ஓர் அணியின் பக்கம் என்று நபிகளார் கூறவே, எதிரணியினர் கைகளை நிறுத்திக்கொண்டனர். அதைக் கண்டு, தாம் எல்லோருடனும் இருப்பதாகக் கூறி மீண்டும் எய்யச் சொன்னார்கள். பிள்ளைகள் ஆடும்போது தந்தை நிற்க வேண்டிய இடம் அதுவே.