முதல் மார்க் பிள்ளைகள் ஐ.ஐ.டி.யில் தடுமாறுவது ஏன்?

விருதுநகர்:-

பிளஸ்-2 தேர்ச்சியில் 2017, 2018-ல் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது விருதுநகர் மாவட்டம். சிவகாசியில் பட்டாசு தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தால் பிளக்ஸ் பேனரே வைத்து விடுவார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான்.

அங்கே வகுப்பில் இருக்கும் அத்தனை பேரும் அவரவர் ஊரில் முதல் மார்க் வாங்கியவர்கள். மனப்பாடம் எடுபடாது. பாடமும் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்தவர் முதல் பரீட்சையிலேயே ஆடிப்போய் விடுவார். கிரேடு குறைந்ததை வீட்டில் சொல்வதும் இல்லை. போனில் "நல்லா இருக்கேம்மா"தான். தீப்பெட்டி ஆபீசுக்கு கூலி வேலைக்கு போகும் அம்மாவிடம் வேறென்ன சொல்ல?

2023-ல் அடுத்தடுத்து மாணவர்கள் தற்கொலை செய்ததால், ஓய்வுபெற்ற ஐ.பி.எஸ். அதிகாரி திலகவதி தலைமையில் விசாரணை குழு அமைத்தது சென்னை ஐ.ஐ.டி.

ஒரு பாடத்தில் பெயிலானால் படிப்பே போச்சு என்று அர்த்தம் இல்லை. மறுபடி படித்து தேறலாம். மார்க்கை விடுங்கள். "தூங்கினியா, யார்கூட சாப்பிட்ட?" என்று கேளுங்கள். பேச்சில் விரக்தி தெரிந்தால் 14416 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.