சிவப்புப் புள்ளி எங்கே, தோட்டா எங்கே? கைத்துப்பாக்கி லேசரும் ஒரு வெப்கேம் சோதனையும்

கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் லெட்டர் டைப் செய்கிறார்களோ இல்லையோ, துப்பாக்கி கேம் ஒன்று கட்டாயம் இன்ஸ்டால் ஆகிவிடும். அந்த கேம்களில் லேசர் பொருத்திய கைத்துப்பாக்கி ஒன்று கிடைக்கும். தூக்கினால் எதிராளியின் சட்டையில் சிவப்புப் புள்ளி விழும். மவுஸை க்ளிக் செய்தால் தோட்டா அந்தப் புள்ளியிலேயே பாயும். தவறவே தவறாது.

கேமில் தவறாததற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான கேம்களில் தோட்டா என்று ஒன்று பறப்பதே இல்லை. நீங்கள் க்ளிக் செய்த கணத்தில் ப்ரோகிராம் ஒரு நேர்கோட்டைப் போட்டு, அது எதன்மேல் முட்டுகிறது என்று பார்க்கிறது, அவ்வளவுதான். நிஜத் துப்பாக்கியில் லேசர் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதைப் பார்ப்போம். இதைச் சோதிக்கத் துப்பாக்கி தேவையில்லை. உங்கள் கம்ப்யூட்டரும் ஒரு வெப்கேமும் போதும்.

டிவிடி டிரைவில் இருக்கும் அதே லேசர்

லேசர் உங்களுக்குப் புதிதல்ல. டிவிடி டிரைவ் டிஸ்கைப் படிப்பதே லேசர் டயோடு ஒன்றின் உதவியால்தான். அதன் ஒளியின் அலைநீளம் 650 நானோமீட்டர், அதாவது சிவப்பு. சிடியைப் படிக்கும் லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கடையில் விற்கும் சிவப்பு லேசர் பாயிண்டரிலும், துப்பாக்கியில் பொருத்தும் சிவப்பு லேசரிலும் இருப்பது ஏறக்குறைய இதே டயோடு குடும்பம்தான். மிளகு அளவு டயோடு, முன்னால் ஒரு சின்ன லென்ஸ், ஒரு பட்டன் செல். துப்பாக்கிக் கைப்பிடியில் வரும் சில லேசர்களுக்கு சிஆர் 2032 செல்தான் போட வேண்டும். உங்கள் மதர்போர்டில் நேரத்தையும் தேதியையும் காப்பாற்றிக்கொண்டிருக்கும் அதே வட்டமான செல்!

ஆரம்ப காலத்தில் இப்படி இல்லை. 1984ல் வந்த 'தி டெர்மினேட்டர்' படத்தில் அர்னால்ட் கையில் நீளமான லேசர் வைத்த பிஸ்டல் இருக்குமே, நினைவிருக்கிறதா? அது ஹீலியம்-நியான் வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய் லேசர். எரியவைக்க ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். பேட்டரியைச் சட்டைக்குள் ஒளித்து, ஒயரைக் கைச்சட்டை வழியாகக் கொண்டுவந்துதான் அந்தக் காட்சிகளை எடுத்தார்கள். லேசர் டயோடு மலிவான பிறகுதான் லேசர் கைப்பிடிக்குள்ளும் குழலுக்கு அடியிலும் போய் உட்கார்ந்தது. 2010ல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் பாடிகார்ட் 380 என்ற சட்டைப்பை அளவுப் பிஸ்டலை லேசரோடு சேர்த்தே விற்றது.

சின்னத் துப்பாக்கிக்கு ஏன் லேசர்?

இடுப்பில் மறைத்து வைக்கும் துப்பாக்கி சின்னதாக இருக்க வேண்டும். ஆனால் துப்பாக்கி சின்னதானால் குறி பார்ப்பது கஷ்டம். பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு முள். இரண்டையும் நேர்கோட்டில் வைத்துத்தான் குறி பார்க்கிறார்கள். இரண்டுக்கும் இடைவெளி 10 செ.மீ. என்று வையுங்கள். முன்முள் வெறும் 1 மில்லிமீட்டர் விலகினால், 7 மீட்டர் தொலைவில் தோட்டா 7 செ.மீ. விலகிப் போகும். இடைவெளி 15 செ.மீ. உள்ள பெரிய பிஸ்டலில் அதே பிசகு ஐந்து செ.மீ.க்கும் குறைவு.

நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இன்னொரு தொல்லை. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு முள் மங்கலாகவும் தூரத்துப் பொருள் தெளிவாகவும் தெரியும். லேசரில் முள்ளைப் பார்க்கவே வேண்டாம். பார்வையை எதிரிலேயே வைத்துக்கொள்ளலாம். இது உண்மையான வசதி, மறுப்பதற்கில்லை.

ஆனால் வெயில்? நம் ஊர் நடுப்பகலில் பத்தடி தள்ளி சிவப்புப் புள்ளியைத் தேடிப் பாருங்கள், புரியும். அதற்காகத்தான் பச்சை லேசர் வந்தது. 532 நானோமீட்டர் பச்சை ஒளி, அதே சக்தியுள்ள 650 நானோமீட்டர் சிவப்பைவிட நம் கண்ணுக்குச் சுமார் எட்டு மடங்கு பிரகாசமாகத் தெரியும்.

அடுத்தது கணக்கு. லேசர் குழலுக்கு உள்ளே இருக்க முடியாது, பக்கத்திலோ அடியிலோதான் இருக்கும். குழலுக்கு 2.5 செ.மீ. கீழே இருக்கிறது என்போம். லேசரைச் சற்று மேல்நோக்கித் திருப்பி, 7 மீட்டரில் புள்ளியும் தோட்டாவும் ஒரே இடத்தில் விழும்படி வைக்கிறீர்கள். அதே துப்பாக்கியை 14 மீட்டரில் பிடித்தால் தோட்டா புள்ளிக்கு 2.5 செ.மீ. கீழே போகும். 21 மீட்டரில் 5 செ.மீ. கீழே. தோட்டா தன் எடையால் இறங்குவது தனிக்கணக்கு. ஆக, புள்ளியும் தோட்டாவும் சந்திப்பது ஒரே ஒரு தூரத்தில்தான். கைத்துப்பாக்கி பயன்படும் கிட்டத்துத் தூரங்களில் இந்த வித்தியாசம் பெரிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய வித்தியாசம் வருவது வேறு இடத்தில்.

ஆவடியில் வேறு கதை

எங்கள் கொரட்டூரிலிருந்து மின்சார ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் ஆவடி. அங்கே உருவாகும் அர்ஜுன் டாங்கியிலும் லேசர் இருக்கிறது. 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டதே, அந்த அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கியைத்தான் சொல்கிறேன். அதிலுள்ள லேசர் புள்ளி காட்டுவதற்கு அல்ல, தூரம் அளப்பதற்கு. ஒளித்துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தை அளந்தால் தூரம் தெரிந்துவிடும். ஒரு கிலோமீட்டருக்குப் போய்வர 6.7 மைக்ரோ விநாடி. அந்தத் தூரத்தை வாங்கிக்கொண்டு பீரங்கியை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டரும் உள்ளே உண்டு.

கைத்துப்பாக்கி லேசருக்குப் பின்னால் எந்தக் கம்ப்யூட்டரும் இல்லை. குழல் இந்தக் கணத்தில் எங்கே பார்க்கிறது என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. உங்கள் மவுஸ் பாயிண்டர் மாதிரிதான். அது ஐகான்மேல் நிற்பதும் க்ளிக் ஆவதும் ஒன்றல்லவே!

மொட்டை மாடிச் சோதனை

எனக்குத் தேவைப்பட்டவை: ஒரு வெப்கேம், லேப்டாப், சிவப்பு லேசர் பாயிண்டர், தீபாவளிக்கு வாங்கிய கேப் துப்பாக்கி. பாயிண்டரைத் துப்பாக்கிக் குழலின் அடியில் இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிச் சுற்றினேன். எடைக்காக உள்ளே நட்டு, போல்ட்டுகளைப் போட்டு அரை கிலோவுக்குக் கொண்டுவந்தேன். 2014ல் கான்பூர் தொழிற்சாலை வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரின் எடை சுமார் 500 கிராம் என்பதால் அந்த அளவு. நிஜத் துப்பாக்கி எதையும் இந்தச் சோதனைக்கு எடுக்கக் கூடாது, காலியாக இருந்தாலும்.

பொழுது சாயும் நேரத்தில் மாடித் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, அதன் பக்கத்தில் ஓர் ஸ்கேலையும் ஒட்டிவிடுங்கள். வெப்கேமைச் சுவரைப் பார்த்து ஸ்டூலில் வையுங்கள். ஓ.பி.எஸ். ஸ்டுடியோ என்ற இலவச சாஃப்ட்வேரில் வீடியோ பதிவு செய்யலாம். அதில் கேமராவின் செட்டிங்ஸுக்குப் போய், எக்ஸ்போஷருக்கு எதிரே உள்ள ஆட்டோ டிக்கை எடுத்துவிட்டு, அளவைக் குறையுங்கள். இல்லாவிட்டால் புள்ளி சிவப்பாகத் தெரியாமல் வெள்ளைப் பூசணி மாதிரி தெரியும். லேசரை நேராகக் கேமரா லென்ஸில் அடிக்காதீர்கள், சென்சார் போய்விடும். கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளியேயும் லேசர் போகக் கூடாது.

இப்போது 7 மீட்டர், அதாவது 23 அடி தள்ளி நின்று புள்ளியைக் காகிதத்தின் நடுவில் பத்து விநாடி நிறுத்துங்கள். பிறகு டிரிகரை அழுத்துங்கள். பதிவான ஃபைலை வி.எல்.சி. ப்ளேயரில் திறந்து, கீபோர்டில் 'ஈ' கீயைத் தட்டத் தட்ட ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும். வெப்கேம் விநாடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கிறது. மனிதக் கையின் இயல்பான நடுக்கம் விநாடிக்கு 8 முதல் 12 முறை. எனவே 30 ஃப்ரேமில் நடுக்கம் நன்றாகவே பிடிபடும்.

நான் பார்த்தது இது. நிறுத்திப் பிடித்தபோது என் புள்ளி ஓர் உள்ளங்கை அளவுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பரவாயில்லை என்று நினைத்தேன். டிரிகரை அழுத்திய இடத்தில்தான் விஷயம். மூன்றே ஃப்ரேமில் புள்ளி கீழே இடப்பக்கம் ஒரு சாண் தள்ளிப் போய்விட்டது. வலது கைக்காரர்கள் டிரிகரை வெடுக்கென்று இழுத்தால் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் போகும். 'புள்ளி நடுவில் வந்துவிட்டது, இப்போது அழுத்து' என்று மனம் அவசரப்படும்போது இழுப்பு இன்னும் மோசமாகிறது. லேசர் இல்லாதபோதும் கை இப்படித்தான் ஆடும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. குறி பார்க்கும் கருவி என்பதைவிட, விரலைப் பழக்கும் கருவி என்ற வகையில்தான் லேசரை நான் மதிக்கிறேன்.

விளையாட்டிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். நவீன பென்டத்லான் போட்டியில் 2012 லண்டன் ஒலிம்பிக் முதல் தோட்டாவே கிடையாது. ஓடி வந்து, மூச்சு வாங்க, 10 மீட்டரில் 59.5 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தை லேசர் பிஸ்டலால் ஐந்து முறை அடிக்க வேண்டும்.

பெரியப்பா கேட்ட கேள்வி

இந்தச் சோதனையை நான் செய்ததே என் பெரியப்பாவுக்காக. அடகுக்கடை நடத்தியபோது வாங்கிய .32 ரிவால்வர் அவரிடம் இருக்கிறது. கடையை மூடி வருடங்கள் ஆகின்றன, துப்பாக்கி மட்டும் பீரோவில். லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள் நெருங்கியது. "கண்ணு முன்ன மாதிரி இல்லடா. கையும் லேசா ஆடுது. லேசர் ஒண்ணு மாட்டிட்டா புள்ளி இருக்கிற இடத்துலதானே குண்டு போகும்?" என்று கேட்டார்.

வாயால் சொல்லிப் புரியவைப்பது எளிதல்ல என்று, கேப் துப்பாக்கியை அவர் கையிலேயே கொடுத்தேன். ஐந்து முறை அழுத்தினார். வீடியோவை ஒவ்வொரு ஃப்ரேமாக ஓட்டிக் காட்டினேன். ஐந்தில் மூன்று முறை புள்ளி காகிதத்தைவிட்டே வெளியே போயிருந்தது. காகிதம் ஏ4 அளவு. அவர் வெகுநேரம் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "காகிதத்துக்கு வெளியே போனா அங்க யாரு நிப்பா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பெரியம்மா காபி கொண்டுவந்து வைத்தார்.

நம் நாட்டில் இது வெறும் வீட்டு விஷயமும் அல்ல. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். பொதுமக்களுக்கு 9 மி.மீ. பிஸ்டல் கிடையாது. .32 போன்ற அனுமதிக்கப்பட்ட அளவுகள்தான். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. லைசென்ஸ் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக்கியது. லைசென்ஸ் விவரங்கள் எல்லாம் தேசிய டேட்டாபேஸ் ஒன்றில் ஏற்றப்பட்டு, ஒவ்வொருவருக்கும் தனி எண் தரப்படுகிறது. எங்கள் பகுதிக்கு விண்ணப்பம் போவது ஆவடி காவல் ஆணையரகத்துக்கு. பெரியப்பா புதுப்பிக்கப் போவதில்லை என்று அடுத்த வாரம் சொன்னார். சட்டப்படி ஒப்படைப்பதற்கான வழியை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

லேசர் பாயிண்டர் வாங்குமுன்

ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பாயிண்டர் வாங்கினால் லேபிளைப் படியுங்கள். 'கிளாஸ் 2' என்றால் 1 மில்லிவாட்டுக்குள், கண் தானாகச் சிமிட்டும் நேரத்துக்குள் பொதுவாக ஆபத்தில்லை. '3ஆர்' என்றால் 5 மில்லிவாட் வரை, குழந்தைகள் கையில் தரவே கூடாது. லேபிளே இல்லாததை வாங்காதீர்கள். மலிவான பச்சை பாயிண்டர்களில் வேறொரு சிக்கல். உள்ளே முதலில் உண்டாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, அதிலிருந்துதான் பச்சை வருகிறது. நடுவில் ஒரு ஃபில்டர் இருக்க வேண்டும். செலவைக் குறைக்க சில தயாரிப்பாளர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் தர அளவை நிறுவனமான நிஸ்ட் 2010ல் சோதித்த ஒரு பாயிண்டர், 10 மில்லிவாட் என்று விற்கப்பட்டது. ஏறக்குறைய 20 மில்லிவாட் அகச்சிவப்பைக் கக்கியது. அதை எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? ஒரு பழைய சிடி, ஒரு டிஜிட்டல் கேமரா, ஒரு வெப்கேம், ஒரு டிவி ரிமோட், இவற்றை வைத்தே. பழக்கமில்லாதவர்கள் இதை முயல வேண்டாம். வீட்டுச் சோதனைக்கு சிவப்பே போதும்.

மாடியில் செய்யும்போது வானத்தை நோக்கி ஒரு விநாடிகூட அடிக்காதீர்கள். 2025ல் சென்னையில் தரையிறங்க வந்த விமானங்கள்மீது கீழிருந்து யாரோ லேசர் அடித்தது செய்தியாகி, காவல்துறை தேடுதலில் இறங்கியது. சோதனை முடிந்ததும் பாயிண்டரின் செல்லைக் கழற்றித் தனியே வையுங்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் பட்டன் செல்லையும் எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும்.