கால் வீக்கம் வடிந்துவிட்டதா? ரத்தத்தையும் கேளுங்கள்!

"ஐயா, அம்மாவுக்குக் கால் வீக்கம் சுத்தமா வடிஞ்சுடுச்சு. இனிமே அந்த இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திட்டு, உங்க மருதம்பட்டைக் கஷாயமே குடுத்துடலாமா?"

உத்திரமேரூரில் என் வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி. சித்த வைத்தியர் 'சரி' என்றுதான் சொல்வார் என்ற நம்பிக்கையில் வருகிறார்கள். நானோ முதலில் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்பேன்.

இப்படிக் கேட்கும் பழக்கம் ஓர் அனுபவத்துக்குப் பிறகு வந்தது. வீக்கம் வடிந்ததும் தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்ட ஒரு விவசாயி, மூன்றே வாரத்தில் நடுராத்திரி மூச்சு வாங்க என் வாசலில் வந்து உட்கார்ந்தார். 108-ல் ஏற்றிச் செங்கல்பட்டுக்கு அனுப்பினேன். பிழைத்தார்.

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று பொருளில்லை. ரத்தத்தை இறைக்கும் பலம் குறைந்து போச்சு, அவ்வளவுதான். உள்ளே அழுத்தம் கூடி இதயச் சுவர் இழுபடும். எங்கள் ஏரி நிரம்பிக் கரையை முட்டினால் தண்ணீரை வெளியேற்றுவோம் அல்லவா? அதுபோல இதயமும் பி.என்.பி. என்ற ஹார்மோனைச் சுரந்து, உப்பையும் நீரையும் வெளியேற்றும்படி சிறுநீரகத்துக்குச் சொல்கிறது. 1988-ல் ஜப்பானியர்கள் இதை முதலில் கண்டுபிடித்தது பன்றியின் மூளையில்! முக்கியமாகச் சுரப்பதென்னவோ இதயம்தான்.

லேப் சீட்டில் பெரும்பாலும் இதன் ஜோடியான 'என்.டி. புரோ பி.என்.பி.' இருக்கும். நடமாடிக்கொண்டிருப்பவருக்கு 125-க்குக் கீழே என்றால், இதயச் செயலிழப்பு இருக்க வாய்ப்புக் குறைவு. வயதானாலும், சிறுநீரகம் கெட்டாலும் கூடும். குண்டானவர்களுக்குக் குறைத்துக் காட்டும். அதனால் ஒரு சீட்டை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். பழைய சீட்டோடு ஒப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது இருந்ததைவிட, வீடு திரும்பும்போது 30 சதவிகிதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் நல்ல அறிகுறி. கால் மெலிந்தும் அளவு இறங்கவில்லையென்றால், மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆபத்து அதிகம். இதை நாடி பிடித்து என்னால் சொல்ல முடியாது, ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

2013-ல் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிகளில் இந்த நோயோடு சேர்ந்த 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓராண்டுக்குள் நூற்றுக்குச் சுமார் முப்பது பேர் இறந்துவிட்டார்கள். விளையாட்டான நோயல்ல!

சோடியம் குறைவது, கிரியேட்டினின் ஏறுவது, ரத்தசோகை மூன்றும் கெட்ட சகுனங்களே. எனக்கு அதிகக் கவலை பொட்டாசியம். ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் மாத்திரைகள் அதை ஏற்றும். கூடவே தினம் இளநீர், 'சோடியம் குறைந்த' உப்பு, யாரோ சொன்ன நீர்முள்ளிக் கஷாயம் என்று சேர்த்தால்? 5.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். மூலிகைதானே என்று அலட்சியம் வேண்டாம். எதைக் குடித்தாலும் இரு வைத்தியரிடமும் சொல்லிவிடுங்கள்.

அந்த மகனிடம் சொன்னேன்: "தம்பி, மாத்திரையைத் தொடாதே. தினம் காலையில், சாப்பிடறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு எடை பாரு. மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா, கால் வீங்கற வரைக்கும் காத்திருக்காம இதய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."