உருவப்படமும் வடக்குச் சாளரமும்

மனிதர் முகத்தைப் படம் பிடிப்போர்க்கு வடக்குச் சாளரமே சிறந்ததென்று ஆங்கில நூல்கள் கூறும். நேர்வெயில் புகாது வானத்தின் பரந்த ஒளி மட்டுமே அவ்வழி வருதலால், முகத்தில் நிழல் மென்மையாய் விழும் என்பது அதன் காரணம்.

இலண்டன் நகரில் நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் தென்பாலே நிற்பான். மொரப்பூரோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய 12 பாகையில் உள்ளது. ஆகவே ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை, உதயம் தொடங்கி அஸ்தமனம் வரை சூரியன் நமக்கு வடபாலே செல்கின்றான். அந்நாட்களில் வடக்குச் சாளரத்தைத் திறப்பின், காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து புகுந்து, முகத்தின் ஒருபாதியை வெளுக்கச் செய்து மறுபாதியை இருளாக்கும். ஆதலின் அம்மாதங்களில் தெற்குச் சாளரமே உகந்தது. ஏனைய மாதங்களிற் பெரும்பாலும் வடக்கே நன்று.

அமர்பவரைச் சாளரத்தினின்று மூன்றடி தள்ளி, முகம் ஒளியை நோக்கிச் சற்றே திரும்ப இருத்துக. மறுபுறம் வெள்ளை வேட்டியொன்றைத் தொங்கவிடின், அது ஒளியைத் திருப்பி நிழலைத் தணிக்கும். வேட்டியை நெருக்கினால் நிழல் வெளிறும், விலக்கினால் ஆழமாகும்.

வாழ்நாளில் ஒரே படம் எடுத்துக்கொண்ட முதியோர் முன்னாளில் நம் சிற்றூர்களிற் பலர் இருந்தனர். பேரப்பிள்ளைகள் பிற்காலத்தில் அறிந்த முகம் அதுவே. விலையுயர்ந்த விளக்கு இல்லாத வீட்டிலும், திசையறிந்து அமர்த்தினால் அம்முகம் தெளிவாய் நிலைக்கும்.