உஷார்! பலகையைப் பார்த்துப் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்

வீட்டில் பேச்சு வராத குழந்தை இருக்கிறதா? எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிற, ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளை இருக்கிறதா? இந்த எச்சரிக்கை உங்களுக்குத்தான்.

"மூன்றே மாதத்தில் பேசவைக்கிறோம்", "ஆட்டிசம் முழுமையாகக் குணமாகும்" என்று துண்டுச்சீட்டோ வாட்ஸ்அப் செய்தியோ வந்தால் பணத்தை எடுக்காதீர்கள். சிறப்புக் கல்வியிலும் பள்ளி ஆலோசனையிலும் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: இப்படி நாள் குறித்து வாக்குக் கொடுக்க நேர்மையான எந்தச் சிறப்பாசிரியராலும் முடியாது.

காஞ்சிபுரத்தில் இந்த வலையில் விழுவது எளிது. கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உடலை நெய்ய, கரைப்பக்க நாடாவைத் தள்ள இன்னொருவர் கூடவே உட்கார வேண்டும். பல வீடுகளில் அந்த இருவர் கணவனும் மனைவியும்தான். பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டு ஒருவர் எழுந்தால் தறி நின்றுவிடும். புடவை முடிவது தள்ளிப்போகும், கூலியும் தள்ளிப்போகும். "ஆண்டுக்கணக்கில் வரவேண்டியிருக்கும் அம்மா" என்று உண்மையைச் சொல்கிறவரை விட்டுவிட்டு, "மூன்றே மாதம்" என்கிறவர் பக்கம் அந்தத் தாய் சாய்வது இதனால்தான். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவளுடைய அவசரத்தைக் காசாக்குகிறவர்கள்மேல்தான் என் கோபமெல்லாம்.

போகிற பணத்தைவிடப் பெரிய நஷ்டம் போகிற வயது. பாவில் இழை அறுந்தால் நெசவாளி அப்போதே முடிந்து சேர்த்துவிடுவார்; முழக்கணக்கில் நெய்துவிட்டுத் திரும்பிப் பார்க்க மாட்டார். குழந்தையின் காதும் மொழியும் அப்படித்தான். பிறந்த ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்வது, ஆறு மாதத்துக்குள் காதொலிக் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் காது மருத்துவர்கள் வலியுறுத்தும் கணக்கு. தேவைப்படும் குழந்தைக்கு ஆறு வயதுக்குள் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை கிடைக்கிறது. காதில் எண்ணெய் விட்டும் தாயத்துக் கட்டியும் அந்த வயதைத் தாண்டவிட்டால் பிறகு யாரைக் கேட்பது?

பேச்சில்லாத மூகர், காமாட்சியின் அருளால் வாய் திறந்து ஐந்நூறு பாடல் பாடினார் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. அதே நம்பிக்கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சன்னதியில் நிற்கிற அப்பா அம்மாவை நான் மதிக்கிறேன். கும்பிடுங்கள், கும்பிட்ட கையோடு காது பரிசோதனைக்கும் போங்கள். "அஞ்சு வயசுல தானா பேசும், உங்க மாமாவும் அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.

இவற்றைக் கண்டால் விலகுங்கள்

காது கேளாமையைக் குணமாக்கும் என்று ஒரு மருந்தை விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் உடனே எழுந்துவிடுங்கள். அது பலன் தரும் என்று நிரூபிக்கப்படவில்லை. முறையான ஆய்வுக்கு வெளியே அதைக் கொடுக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் இடம் தரவில்லை.

முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பது, ரசீது தராதது, பிள்ளைக்கு என்ன கற்றுத்தருகிறோம் என்று ஒரு தாளில்கூட எழுதித் தராதது, "அடித்தால்தான் படியும்" என்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாசலை மறுபடி மிதிக்காதீர்கள். பள்ளியில் குழந்தையை அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தடைசெய்துவிட்டது.

பதிவு எண்ணைக் கேளுங்கள்

சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் இதைச் சொல்கிறது. பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கவுன்சிலின் இணையதளத்தில் சரிபாருங்கள். படிக்கிற பெண்ணோ பையனோ வீட்டில் இருந்தால் உதவி கேளுங்கள். உண்மையானவர் கோபப்பட மாட்டார், எடுத்துக் காட்டுவார்.

பள்ளி ஆலோசகர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். நூறு மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்துக் கணக்குக் காட்டிவிடும் ஆபத்தும் இருக்கிறது. உளவியலோ சமூகப்பணியோ முறையாகப் படித்தவரா, குழந்தைகளோடு பயிற்சி பெற்றவரா என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

மூடிய கதவு வேண்டாம்

நடந்ததை வீட்டில் வந்து சொல்லத் தெரியாத குழந்தைகள்தான் அதிகம் ஆபத்தில் இருக்கிறார்கள். பயிற்சியைக் கண்ணாடி வழியாகவோ உள்ளே உட்கார்ந்தோ பெற்றோர் பார்க்க முடியவேண்டும். பாலியல் சீண்டல் என்று தெரிந்தும் "வெளியே தெரிந்தால் பள்ளி பெயர் கெடும், நமக்குள் பேசி முடிப்போம்" என்று எவரேனும் சொன்னால், கேட்காதீர்கள்; புகார் செய்யாமல் மறைப்பது போக்சோ சட்டப்படி குற்றம். விஷயம் தெரிந்த எவராக இருந்தாலும் புகார் செய்தே ஆகவேண்டும். குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளி தொடர்பான புகாருக்கு 14417.

தறியில் உட்காரவைக்காதீர்கள்

படிப்பு வரவில்லை என்றால் கரைப்பக்கம் உட்காரட்டும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறியில் கட்டுண்டு கிடந்ததை, காஞ்சிபுரத்தின் பெயரையும் சேர்த்து, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் உலகுக்கு அறிக்கையாகவே வெளியிட்டது. அந்தக் காலம் வேறு கதவு வழியாகத் திரும்பக் கூடாது. எழுத்து தடுமாறுகிற பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம். மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ, எது முந்தியோ அப்போதே பள்ளி அதைக் கண்டறிய வேண்டும். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. "சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்று வரும் தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லை.

எங்கே போவது?

உங்கள் பகுதி வட்டார வள மையத்தில் அரசின் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் கேளுங்கள். காது கேளாத பிள்ளைகளுக்குச் சதாவரத்தில் அரசுப் பள்ளி இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு என்றால் முட்டுக்காட்டில் 2005 முதல் தேசிய நிறுவனம் இயங்குகிறது. குறைபாடு நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி என்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த உரிமை. யாரிடமும் கெஞ்சிப் பெறவேண்டியதல்ல.

ஏற்கெனவே ஒரு மையத்தில் பணம் கட்டியிருந்தால், கட்டிவிட்டோமே என்று தொடராதீர்கள். அடுத்த முறை போகும்போது பதிவு எண்ணைக் கேளுங்கள். மழுப்பினால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பக்கத்துத் தறிக்காரர் வீட்டிலும் சொல்லிவையுங்கள்.