சுரங்க ரயிலும் குடிக்கூலிக்காரரும்

இந்தியாவின் முதல் சுரங்க ரயில் 1984 அக்டோபர் 24-ஆம் நாள் கல்கத்தாவில் ஓடத் தொடங்கியது. பாதை பூமிக்கடியில் சென்றாலும் நிலையத்துக்கும் படிக்கட்டுக்கும் மேலே இடம் வேண்டுமல்லவா? அதற்கென 1978-இலேயே மத்திய சர்க்கார் தனிச் சட்டம் இயற்றியிருந்தது.

பொதுக்காரியத்துக்கு நிலம் எடுப்பதை நாம் குறை கூறவில்லை. மனைக்குச் சொந்தக்காரர் நஷ்டஈடு பெறுவார். அவர் வீட்டில் குடிக்கூலிக்குத் தறி போட்டிருப்பவர் கதி என்ன? 1894-ஆம் ஆண்டு நில ஆர்ஜிதச் சட்டத்தில் மறுவாழ்வு என்ற பேச்சே கிடையாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ, அவ்விடத்தில் முந்தைய மூன்றாண்டுகள் தொழில் செய்து பிழைத்த குடிக்கூலிக்காரரையும் கைவினைஞரையும் பாதிக்கப்பட்ட குடும்பத்தாராகவே கொள்கிறது. இடம்பெயரும் கைவினைஞர் குடும்பத்துக்கு ஒருமுறை உதவித்தொகையாகக் குறைந்தது ரூ. 25,000 வழங்க வேண்டும். சுரங்க ரயிலுக்கான ஆர்ஜிதம் முதலில் இதற்கு விலக்காயிருந்தது. 2015 ஜனவரி 1 முதல் நஷ்டஈடு, மறுவாழ்வு விதிகள் அதற்கும் விரிவாக்கப்பட்டன.

இத்தொகை போதுமா என்பது வேறு விஷயம். குழித்தறியைக் குழியோடு பெயர்த்துச் செல்ல இயலாது. புது இடத்தில் புதிதாகக் குழி தோண்ட வேண்டும். அதுவரை பாவு ஓடாது, கூலியும் வராது. வாடகை இடத்தில் நெய்யும் அங்கத்தினர்கள் வாடகை ரசீதுகளையும் சங்கத்தின் கூலிக் கணக்குப் புத்தகத்தையும் பத்திரப்படுத்துவது நலம். அந்த மூன்றாண்டுகளை அதிகாரியிடம் மெய்ப்பிக்க அவை உதவும்.