சைக்கிள் கொடுத்தாயிற்று; ஓட்டக் கற்றுத்தருவது யார்?

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கி, பிறகு எல்லாருக்கும் விரிந்த நல்ல திட்டம். ஆனால் ஓட்டக் கற்றுத்தருவதை மட்டும் வீட்டாரின் பாடு என்று விட்டுவிட்டோம். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர அண்ணனோ மாமாவோ இருந்தால் பிள்ளை கற்றுக்கொள்கிறது. இல்லாத வீட்டுப் பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, பதினாறு வயதில் புது சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இது இன்னும் கவலை தருவது. சென்னை - திருச்சி நெடுஞ்சாலை இரண்டு ஊர்களையும் ஒட்டிப் போகிறது. திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலை பிரிகிறது. கரும்பு வெட்டும் காலத்தில் பாரம் ஏற்றிய டிராக்டர்கள் முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும். ஆகவே, விழாமல் மிதிப்பது பாதிப் பாடம்தான். திரும்புமுன் பின்னால் பார்ப்பது, ஒரு கையை விட்டுச் சைகை காட்டுவது, டபுள்ஸ் ஏற்றாமல் இருப்பது ஆகியவை மீதி.

ஊர் கூடிக் கற்றுத்தந்தால் என்ன நடக்கும் என்பதைப் புதுக்கோட்டை எப்போதோ காட்டிவிட்டது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கேலிப் பேச்சுகளைத் தாண்டி விவசாயக் கூலிப் பெண்களும் கல்குவாரிப் பெண்களும் மைதானத்துக்கு வந்தார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஊர்வலமாகச் சைக்கிள் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுத்தந்ததுதான் அதன் பலம்.

முறையும் எளிது. இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, பாதம் முழுதாகத் தரையில் படும்படி சீட்டை இறக்க வேண்டும். பிள்ளை காலால் உந்தி உந்திப் போகட்டும். 1817இல் ஜெர்மனியின் கார்ல் டிரைஸ் செய்த முதல் வண்டிக்கும் பெடல் கிடையாது. சாயும் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பினால் வண்டி நிமிரும் என்பது உடம்புக்குப் பிடிபட்டதும் பெடலை மாட்டலாம். பக்கச் சக்கரம் வைத்த வண்டி சாயவே சாயாது. அதனால் இந்தப் பாடத்தை அது தருவதில்லை. குரங்கு பெடலில் முட்டி பெயர்ந்து கற்ற தலைமுறை, பிள்ளைகளும் அப்படியே கற்கட்டும் என்று விடத் தேவையில்லை.

ஒரு பள்ளி மைதானம், சனிக்கிழமைக் காலை, நாலைந்து பழைய சைக்கிள், ஓட்டத் தெரிந்த அக்காக்கள் போதும். தலைமையாசிரியர்களும் ஊராட்சித் தலைவர்களும் சைக்கிள் வழங்கும் விழாவுக்காகக் காத்திராமல், எட்டாம் வகுப்பிலேயே இந்த வகுப்பைத் தொடங்க வேண்டும்.